ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

நாலு நண்பர்கள் சிராங்கூன் சாலையில் ஓர் உணவகத்துக்குப் போகிறார்கள். ஒருவர் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்கிறார். இன்னொருவர் நெய் ரோஸ்ட், பொங்கல், வடை, காப்பி என்று ஒரு கை பார்க்கிறார். பில் வருகிறது. "சமமாகப் பிரித்துக்கொள்வோம்" என்கிறார் நெய் ரோஸ்ட்காரர். இட்லிக்காரர் வாய் திறப்பதில்லை. ஆனால் அடுத்த முறை அவரும் நெய் ரோஸ்ட்தான் கேட்பார். எப்படியும் காசு கொடுக்கத்தானே போகிறோம்?

நாலு பேருக்குள் நடந்தால் இது வேடிக்கை. ஒரு நாட்டுக்குள் நடந்தால்?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். சிங்கப்பூரிலோ சொல்லிக்கொள்ளும்படி பெரிய ஆறே இல்லை. 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி ஜொகூரிலிருந்து தண்ணீர் வந்தது. 1,000 கேலன் ஆற்று நீருக்கு விலை 3 காசு. மலிவுதான். ஆனால் மலிவான தண்ணீரும் மழை பொய்த்தால் வராது. 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை சிங்கப்பூர் மக்கள் தண்ணீர்ப் பங்கீட்டில் வாழ்ந்தார்கள். 1961 ஒப்பந்தம் 2011-ல் முடிந்தது. 1962 ஒப்பந்தம் 2061-ல் முடியும். அதற்குப் பிறகு?

அதற்கான விடைகளில் ஒன்று துவாஸில் பிறந்தது. தீவின் மேற்குக் கோடி அது. தொழிற்சாலைகளும் கப்பல் பட்டறைகளும் நிறைந்த இடம். நாட்டின் முதல் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2005 செப்டம்பரில் அங்கே திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு சுமார் 13.6 கோடி லிட்டர் குடிநீர். 2013-ல் இரண்டாவது ஆலையும் 2018-ல் மூன்றாவது ஆலையும் அதே துவாஸில் வந்தன.

கடல் இலவசம். ஆனால் உப்பைப் பிரிப்பது இலவசமல்ல. மெல்லிய சவ்வுகளின் வழியே கடல்நீரை அழுத்தித் தள்ள வேண்டும். 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய மூன்றரை யூனிட் மின்சாரம் வேண்டும். முதல் ஆலை முதலாண்டில் 1,000 லிட்டரை 78 காசுக்குத் தர ஒப்புக்கொண்டபோது, அதுவே பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. குழாயில் வரும் ஒவ்வொரு துளிக்கும் இப்படி ஒரு செலவு இருக்கிறது. அந்தச் செலவை யார் தலையில் வைப்பது?

சிங்கப்பூர் சொன்ன பதில்: மீட்டரைப் பார். 1991-ல் தண்ணீர் சேமிப்பு வரி வந்தது. 2000-ல் வீடுகளுக்கு மாதம் 40,000 லிட்டர் வரை, 1,000 லிட்டருக்கு 1.17 வெள்ளி. அதற்கு மேல் 1.40 வெள்ளி. வரியும் 30 விழுக்காட்டிலிருந்து 45 விழுக்காடாக ஏறும். தாராளமாகத் திறந்துவிடுகிறவர் தாராளமாகக் கொடுக்கட்டும் என்பதே கணக்கு.

அப்படியும் ஓர் ஓட்டை இருந்தது. கழிவுநீருக்கான கட்டணத்தில் ஒரு பகுதியை வீட்டிலுள்ள கழிப்பறைச் சாதனங்களை எண்ணி வசூலித்தார்கள். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் முதியவர் இரண்டாவது கழிப்பறையை எட்டிக்கூடப் பார்க்காமல் இருக்கலாம். கட்டணம் மட்டும் தவறாமல் வரும். 2017 ஜூலையில் அது போயிற்று. பயன்படுத்திய தண்ணீரின் அளவே கணக்காயிற்று. எண்ணிக்கைக்கும் பயன்பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்!

இதே பாடத்தைக் கணினி உலகமும் படித்தது. கணினி ஆற்றலும் ஒருநாள் தொலைபேசியைப்போலப் பொதுச் சேவையாகும் என்று 1961-லேயே அமெரிக்க அறிஞர் ஜான் மெக்கார்த்தி பேசினார். 2006-ல் அமேசான் நிறுவனம் அதை வியாபாரமாக்கியது. ஒரு கணினியை ஒரு மணி நேரம் பயன்படுத்த 10 அமெரிக்க சென்ட். 2010-ல் அந்தச் சேவை மையம் சிங்கப்பூருக்கும் வந்தது. மேகக் கணிமை என்று பெயர். பெயர்தான் மேகம். இருப்பது தரையில். 2020-ல் சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டைத் தரவு நிலையங்களே குடித்தன.

இங்கேயும் அந்த நெய் ரோஸ்ட் கதைதான். நிறுவனத்துக்கு மாதம் ஒரு பில் வரும். கணக்குப் பிரிவு, விற்பனைப் பிரிவு, ஆய்வுப் பிரிவு என்று எல்லாருக்கும் சமமாகப் பிரித்தால் என்ன ஆகும்? சோதனைக்காக ஓடவிட்ட பத்து கணினிகளை ஒரு பிரிவு அணைக்க மறந்திருக்கும். மூடாத குழாய்போல அவற்றின் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். சிக்கனமாக இருந்த சின்னப் பிரிவு அதற்கும் சேர்த்து அழும். அதனால்தான் ஒவ்வொரு கணினிக்கும் "இது இன்னாருடையது" என்று ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டி, அவரவர் பயன்பாட்டை அவரவர் கணக்கில் எழுதுகிறார்கள். பாதுகாப்பு, வலையமைப்பு போன்ற பொதுச் செலவுகளை அந்தப் பயன்பாட்டின் விகிதப்படி பிரிக்கிறார்கள்.

அளந்தால் மட்டும் நியாயம் வந்துவிடுமா? வராது. மீட்டருக்குப் பசி தெரியாது. ஐந்து பிள்ளைகள் உள்ள ஏழை வீட்டில் தண்ணீர் அதிகம் செலவாகும். அது ஊதாரித்தனமா? அதனால்தான் சிங்கப்பூர் அரசு குடியிருப்புப் பேட்டைக் குடும்பங்களுக்கு "யு-சேவ்" என்ற கழிவை நேரே பில்லில் கழித்துக் கொடுக்கிறது. விலையைக் குறைத்து எல்லாருக்கும் சலுகை தராமல், விலையை உள்ளபடி காட்டிவிட்டு, தேவைப்படுகிறவர் கையில் உதவியைத் தருகிறார்கள். 2025 ஏப்ரலில் 1,000 லிட்டரின் மொத்தக் கட்டணம் 3.24 வெள்ளியாக உயர்ந்தபோதும் இதே வழிதான்.

2003-ல் ஒருவர் நாளொன்றுக்கு 165 லிட்டர் செலவழித்தார். 2023-ல் 141 லிட்டர். விலை மட்டும் இதைச் செய்யவில்லை. பள்ளிப் பாடங்களும் சிக்கனக் குழாய்களும் சேர்ந்து செய்தன. ஆனால் அளக்காமல் இருந்திருந்தால், குறைந்ததா கூடியதா என்றே தெரிந்திருக்காது.

அளப்பது கஞ்சத்தனமல்ல. இட்லி சாப்பிட்டவருக்குச் செய்யும் மரியாதை.