உயர்நில மக்களின் உடலமைப்பு

உயர்நில உடலமைப்பு என்பது, கடல் மட்டத்திலிருந்து மிகுந்த உயரத்தில் தலைமுறைகளாக வாழும் மக்களின் மார்பு, கைகால், ஆள் உயரம் ஆகியவற்றில் காணப்படும் தனித்தன்மைகளைக் குறிக்கும். உயிர்வளிக் (ஆக்சிசன்) குறைவு, குளிர், உணவுப் பற்றாக்குறை ஆகியன இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

ஏறத்தாழ 320 மீட்டர் உயரத்திலுள்ள வத்தலக்குண்டிலிருந்து, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்குச் செல்பவருக்கு ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. காற்றில் உயிர்வளியின் விகிதம் மாறுவதில்லை, காற்றழுத்தமே குறைகிறது. 4,000 மீட்டரில் கிடைப்பது கடல் மட்டத்தில் உள்ளதில் 60 விழுக்காடு மட்டுமே.

ஆண்டீசும் திபெத்தும்

தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைகளில் வாழும் கெச்சுவா, ஐமாரா மக்களுக்கு மார்புக்கூடு அகன்றும் ஆழ்ந்தும் இருக்கும். முன்கையும் கணைக்காலும் ஒப்பளவில் குட்டையானவை. தாழ்நிலத்தில் பிறந்து இளவயதிலேயே மலையில் குடியேறியவர்களுக்கும் நுரையீரல் கொள்ளளவு கூடுகிறது. ஆகவே இது முழுதும் மரபுவழி வந்ததன்று. வளர்பருவத்தின் பங்கும் உண்டு.

திபெத்தியர் வேறு வழியில் தகவமைந்துள்ளனர். ஆண்டீசு மக்களைப் போல் இவர்களின் குருதியில் ஈமோகுளோபின் பெரிதும் உயர்வதில்லை. ஈபிஏஎஸ்1 என்னும் மரபணுவுக்கு இதனோடுள்ள தொடர்பு 2010 இல் கண்டறியப்பட்டது. அதன் திபெத்திய வடிவம் தெனிசோவர் என்னும் தொல்மாந்தரிடமிருந்து வந்ததென 2014 இல் ஆய்வாளர்கள் காட்டினர்.

தமிழ்நாட்டு மலைகள்

இத்தகைய மாற்றங்கள் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தெளிவாகின்றன. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். எனவே பழனி மலையில் வாழும் பளியர் சமவெளி மக்களைவிடக் குள்ளமாக இருப்பதற்கு மலையின் உயரத்தைக் காரணம் காட்டுவது பொருந்தாது. நீலகிரி இதற்கு நல்ல சான்று. அங்கே மேட்டுநிலத்தில் வாழும் தோடர் நெட்டையானவர்கள். அவர்களுக்குக் கீழே மலைச்சரிவுகளில் வாழும் குறும்பர் குட்டையானவர்கள். மலையின் உயரமே காரணமாயின் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்! மரபு, உணவு, குழந்தைப்பருவ நோய்கள் ஆகியவற்றிலேயே விடை தேட வேண்டும்.

குருதிச்சோகை அளவீடு

உடல் வடிவம் மாறாவிடினும், கொடைக்கானல் உயரத்திலேயே குருதியின் இயல்பான ஈமோகுளோபின் அளவு சற்று உயரும். உலக சுகாதார அமைப்பு இதற்கெனத் திருத்த அளவுகளை வகுத்துள்ளது. கருவுற்ற பெண்களுக்கு முதல் மூன்று மாதங்களிலும் கடைசி மூன்று மாதங்களிலும் கடல் மட்டத்தில் 11 கிராம் (100 மில்லிலிட்டருக்கு) என்பது வரம்பு. கொடைக்கானலில் 11.2 கிராம் உள்ள பெண்ணுக்குத் திருத்தம் செய்து பார்த்தால் குருதிச்சோகை இருக்கும். செய்யாவிடில் அவர் நலமுடையவராகவே பதிவாவார்.