ஒளிக்காமல் சொன்ன வித்தை



பழைய வால்வு ரேடியோவின் பின்பக்கம் செக்கச் சிவந்து எரியும் கண்ணாடிக் குழாய்களைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அதே வால்வுகளைக் கொண்டு வீட்டிலேயே உயர்தர ஒலிபெருக்கி செய்ய வழி சொன்னவர், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டி. டி. என். வில்லியம்சன். 1947 ஏப்ரல், மே மாதங்களில் பிரிட்டனின் 'வயர்லெஸ் வோர்ல்ட்' இதழில் அதன் வரைபடம் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 24தான்!

அதில் அப்படி என்ன சிறப்பு என்கிறீர்களா? இரண்டு கேடி66 வால்வுகள் சேர்ந்து 15 வாட் சக்தி தரும். வெளிவருவதில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளே அனுப்பினால், ஒலியின் பிழை பெருமளவு குறையும். அமெரிக்கர் ஹெரால்டு பிளாக் 1927-இல் கண்ட முறை இது. வில்லியம்சன் அதை நல்ல டிரான்ஸ்பார்மரோடு சேர்த்து, பிழையை 0.1 விழுக்காட்டுக்கு இறக்கினார்.

படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பல நாடுகளில் ஈயம் உருக்கி ஒட்டிச் செய்து பார்த்தார்கள். 1951-இல் அமெரிக்காவில் ஹாப்லரும் கெரோசும் டிரான்ஸ்பார்மர் இணைப்பை மாற்றி, இன்னும் மேம்படுத்தினார்கள்.

மாணவர்களே, ஒன்று ஞாபகம் வையுங்க. இதற்குள் 400 வோல்ட்டுக்கும் மேல் மின்சாரம் உண்டு. சுவிட்சை அடைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கி நிற்கும். தெரிந்தவர் துணையில்லாமல் கை வைக்காதீங்க!

வில்லியம்சன் தம் வித்தையை ஒளித்திருந்தால் அது அவரோடு முடிந்திருக்கும். பெற்றோர்களே, மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பதோ, தையலோ, உங்களுக்குத் தெரிந்த தொழிலைப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுங்க. பள்ளிக்கூடத்தில் நாங்கள் கணக்கைச் சொல்லித் தருகிறோம். இரண்டும் சேர்ந்தால் அவர்களும் புதிதாக ஒன்றைச் செய்வார்கள்.