எல்லைத் தராசின் மறுதட்டு – சத்தியவேடு

வேங்கட மலையே தமிழகத்தின் வடவெல்லை எனத் தொல்காப்பியப் பாயிரம் தொடங்கி நம் நூல்கள் கூறிவருதலை யாவரும் அறிவோம். அவ்வெல்லையின் பொருட்டு மங்கலங்கிழார், ம.பொ.சிவஞானம், கே.விநாயகம் முதலியோர் நடத்திய போராட்டத்தையும், அதன் பயனாகத் திருத்தணி மீண்டதையும் தமிழ் மேடைகள் பல பாராட்டியுள்ளன. ஆயினும், திருத்தணி மீண்ட அதே நாளில், அதே சட்டத்தினால், ஈடாக அப்பால் சென்ற நிலப்பகுதி ஒன்றைப் பற்றி நம்மவர் பேசுவது அரிது. அதுவே சத்தியவேட்டுப் பகுதி. அவ்வூரின் நிலத்தையும் மக்களையும் ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

சத்தியவேடு பெருநகரன்று; சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குச் சந்தையும் அலுவலகமும் பேருந்து நிலையமுமாக விளங்கும் ஒரு நாட்டுப்புறத் தலைமையூர். சென்னைக்கும் திருப்பதிக்கும் ஏறக்குறைய நடுவே அமைந்தது. அதற்குத் தெற்கே ஊத்துக்கோட்டை; மேற்கே நாகலாபுரத்து மலைகள்; கிழக்கே பழவேற்காட்டு ஏரியும் அதனை அடுத்துக் கடலும். இப்பகுதியில் எழும் தாழ்ந்த குன்றுகள் கூழாங்கற்கள் திரண்டு இறுகிய பாறையால் ஆனவை. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட இப்பாறை வகையை நிலவியலார் இவ்வூரின் பெயராலேயே 'சத்தியவேட்டுப் படிவம்' என வழங்குவர். பேரூர்கள் பலவற்றிற்கு வாய்க்காத பெருமை இச்சிற்றூருக்கு அறிவியல் நூல்களில் வாய்த்துள்ளது.

இவ்வட்டாரத்தின் உயிர்நாடி ஆரணியாறு. சித்தூர்ப் பக்கத்து மலைகளில் தோன்றிப் பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தில் தங்கி, சுருட்டப்பள்ளிப் பள்ளிகொண்டீசுவரர் கோயிலருகே ஓடி, ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகக் கீழைக் கடலை நாடுகிறது. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஆண்டுகளில் பிச்சாட்டூரில் மதகு திறந்தால் திருவள்ளூர் மாவட்டத்து ஆற்றங்கரையூர்களில் எச்சரிக்கை விடுக்கப்படும். மேட்டில் ஒரு மாநிலம், பள்ளத்தில் ஒரு மாநிலம்; ஆறு மட்டும் ஒன்றே.

இனி அரசியல் எல்லையைக் காண்போம். சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1-இல் அமைக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, திருத்தணி உள்ளிட்ட சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. சத்தியவேட்டுப் பகுதியோ அந்நாளில் சித்தூரைச் சேர்ந்ததன்று. செங்கற்பட்டு மாவட்டத்துப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் பகுதியாகச் சென்னை மாநிலத்திலேயே இருந்தது. எல்லை வழக்கைத் தீர்க்க நடுவராக வந்த எச்.வி.பட்டாஸ்கர் மூன்று அளவுகோல்களைக் கொண்டார்: ஊரே அலகு, நிலத்தொடர்ச்சி வேண்டும், எம்மொழி பேசுவோர் மிகுதியோ அம்மொழி மாநிலத்துக்கு அவ்வூர் உரியது. இவ்வடிப்படையில் 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி தமிழகம் சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து பிரிந்த ஊர்கள் ஆந்திரத்தில் சத்தியவேடு வட்டம் ஆயின.

இம்முறை நேர்மையற்றதென்று கூறுதற்கில்லை. தெலுங்கு மிகுந்த ஊர் தெலுங்கு நாட்டிற்கும், தமிழ் மிகுந்த ஊர் தமிழ் நாட்டிற்கும் செல்லுதல் முறையே. ஆயினும் பெரும்பான்மையைக் கொண்டு எல்லை வகுக்கும்போது சிறுபான்மை ஒன்று எஞ்சியே தீரும். மக்கள்தொகைக் கணக்கில் 'தாய்மொழி' என்னும் ஒரு கட்டம் ஓர் ஊரின் மாநிலத்தையே முடிவு செய்தது; அந்தக் கட்டத்தில் சிறுபான்மையாய் நின்ற தமிழ்க் குடும்பங்கள், வீட்டையோ வயலையோ விட்டு ஓரடியும் பெயராமலே வேற்று மாநிலத்தார் ஆயினர். திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகளில் வாழ்ந்த தெலுங்குக் குடும்பங்களுக்கும் அன்று இதுவே நேர்ந்தது என்பதை மறத்தலாகாது.

ஐரோப்பாவில் அல்சாசு நாட்டு மக்கள் 1871-இல் செருமானியராகவும் முதல் உலகப் போருக்குப் பின் மீண்டும் பிரெஞ்சுக்காரராகவும் ஆனதை உலகம் வியந்து பேசும். சத்தியவேட்டில் 1950-இல் பிறந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் பிறந்தது செங்கற்பட்டு மாவட்டம். பத்து வயதில் அவர் ஊர் சித்தூர் மாவட்டம். 1985-இல் வட்டமுறை போய் மண்டலமுறை வந்தது. 2022 ஏப்ரல் 4-இல் அவ்வூர் திருப்பதி மாவட்டம். அவரோ இருந்த திண்ணையிலேயே இருக்கிறார்!

இத்தகைய மக்கள் மொழியை எவ்வாறு காத்தனர்? பெரும்பாலோர் இருமொழியாளர். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் இரண்டும் பேசுவர். வழக்குமன்றத்திற்கும் ஆட்சியர் அலுவலகத்திற்கும் தெலுங்கில் எழுதுவர். தமிழில் பேசத் தெரிந்து எழுதப் படிக்கத் தெரியாத இளந்தலைமுறையொன்று எல்லைப்புறமெங்கும் வளர்ந்துவருவது கவலைக்குரியது. பேச்சு மொழி வீட்டில் பிழைக்கும். எழுத்து மொழிக்குப் பள்ளியும் ஆசிரியரும் பாடநூலும் வேண்டும்.

காலம் இவ்வூரின் மீது புதிய கோடுகளையும் வரைந்துள்ளது. 1983-இல் ஒப்பந்தமாகி 1996-இல் தமிழக எல்லையைத் தொட்ட தெலுங்கு கங்கைக் கால்வாய், கண்டலேற்றிலிருந்து இவ்வட்டாரத்தின் வழியாகவே ஊத்துக்கோட்டையை அடைந்து பூண்டிக்குச் செல்கிறது. சென்னையில் குடிநீர் அருந்தும் இல்லங்கள் பலவற்றிற்கு இந்நிலம் நீர்வழி. 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரமோ சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் எழுந்தது. அதன் ஆலைகளுக்குப் பல மாநிலத்தாரும் வேலைதேடி வருகின்றனர். அன்று எல்லை பெயர்ந்ததால் அயலாரான மக்களின் ஊருக்கு, இன்று தாமே பெயர்ந்து வந்தோரும் அண்டை வீட்டார் ஆகின்றனர்.

தாயகம் விட்டு வாழும் நாம், எல்லையைக் கடந்து வந்தோம். சத்தியவேட்டுத் தமிழரையோ எல்லையே கடந்து சென்றது. வழி வேறாயினும் பிள்ளைக்குத் தமிழெழுத்தை எவ்வாறு கற்பிப்பது என்னும் கேள்வி இருவருக்கும் ஒன்றே. நம் சங்கங்களில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் அன்பர்கள் எல்லைப்புறப் பிள்ளைகளையும் நினைவிற் கொண்டு, இயன்ற அளவு நூல்களேனும் அனுப்புதல் நன்று. அப்பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே இருப்பின், 1960-க்கு முற்பட்ட நிலப்பத்திரங்களைப் பேணிக் காத்திடுக. அவற்றில் செங்கற்பட்டு மாவட்டம் என்றிருக்கும் ஒருவரி, வரலாற்று மாணவர்க்கு ஒரு கல்வெட்டுக்கு நிகராகும். திருத்தணி பெற்றதைக் கொண்டாடும் நாம், அதன் விலையாக நின்ற ஊர்களின் பெயரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் கடனாகும்.