நான்கு டன் உப்பு

வேட்டைப் பயணம் என்றதும் நம் நினைவில் எழுவது துப்பாக்கி. 1909இல் தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மேற்கொண்ட பயணத்தின் ஏற்பாடுகளைப் படிக்கையில் நம்மைத் தடுத்து நிறுத்துவதோ உப்பு. நான்கு டன் உப்பு.

அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்தபோதே, 1908 மார்ச்சில், அவர் பேட்டர்சனுக்குக் கடிதம் எழுதி ஆலோசனை கேட்டார். உகாண்டா இரயில்பாதை அமைத்த இந்தியத் தொழிலாளர்களைக் கொன்று தின்ற சாவோச் சிங்கங்கள் இரண்டையும் 1898இல் சுட்டு வீழ்த்திய அதே பேட்டர்சன்தான். செலூ, பக்ஸ்டன் ஆகிய ஆங்கில வேட்டைக்காரர்களும் வழித்திட்டம் வகுக்க உதவினர். 1909 மார்ச் 4இல் பதவி முடிந்தது; 23ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. இடையில் பத்தொன்பதே நாட்கள்!

பணத்துக்கும் வழி கண்டிருந்தார். தமக்கும் மகன் கெர்மிட்டுக்கும் ஆகும் செலவு அவருடையது. பயணக் கட்டுரைகளுக்காக ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகம் 50,000 டாலர் தர இசைந்தது. உடன் சென்ற மூன்று இயற்கையியல் அறிஞர்களின் செலவை ஸ்மித்சோனியன் நிறுவனம் கார்னெகி முதலிய செல்வர்களிடம் திரட்டிய நிதியால் ஏற்றது. அருங்காட்சியகத்துக்கு விலங்குகளைச் சேகரிப்பதே பயணத்தின் நோக்கம் என்று அறிவிக்கப்பட்டது. வெறும் கொலை விளையாட்டு என்ற பழி தம்மேல் விழக்கூடாது என்பதில் ரூஸ்வெல்ட் கவனமாக இருந்தார்.

உப்பு வந்தது இந்த நோக்கத்தால்தான். வெப்ப நாட்டில் உரித்த தோலைச் சில மணி நேரம் அப்படியே விட்டாலும் அழுகத் தொடங்கும். மயிர் கொத்துக் கொத்தாக உதிரும். தோலில் ஒட்டிய தசையைச் சுரண்டி எடுத்து, உப்பைத் தேய்த்து, நீரை வடித்து உலர்த்த வேண்டும். யானைத்தோல் ஒன்றுக்கு எவ்வளவு உப்பு வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஓர் ஆள் சுமக்கும் பொதி 60 பவுண்டு. அந்தக் கணக்கில், முழு உப்பையும் ஒரே நேரத்தில் தூக்க 130 பேருக்கு மேல் வேண்டும். மாட்டுவண்டி போகும் இடங்களில் வண்டி உதவியது. மற்ற இடங்களில் மனிதத் தலைதான். கபிட்டி இரயில் நிலையத்தில் அவர் இறங்கியபோது இருநூற்றுக்கும் மேற்பட்ட சுமைதூக்கிகள் அணிவகுத்து நின்றனர்.

இலக்கியம் பயின்ற நமக்கு இன்னொரு பொதி மேல்தான் கண். தமக்கையர் அல்ல, தங்கை கொரின் அன்பளிப்பாகத் தந்த நூலகம் அது; ஏறத்தாழ அறுபது நூல்கள். இரத்தமும் வியர்வையும் துப்பாக்கி எண்ணெயும் படிந்தாலும் கெடாதிருக்கப் பன்றித்தோலில் கட்டப்பட்டவை. அலுமினியப் பெட்டியில் அடைத்த அந்த நூலகமும் ஒருவர் சுமக்கும் எடைக்குள் அடங்கியது. துப்பாக்கி ஏந்தியவர்களின், கூடாரப் பணியாளர்களின் பெயர்களை ரூஸ்வெல்ட் தம் நூலில் குறித்திருக்கிறார். அந்த நன்றியுணர்வை நாம் மறுக்கவில்லை. பெருந்திரளான சுமைதூக்கிகளோ அங்கே பெரும்பாலும் ஓர் எண்ணிக்கைதான். புத்தகங்களுக்குத் தலைப்புவாரியாகப் பட்டியல் இருக்கிறது.

திட்டத்தின் கடைசிப் பகுதி நைல் ஆற்றின் மேற்குக் கரையிலிருந்த லாடோ. அங்கே கிடைக்கக்கூடிய வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் அருங்காட்சியகத்துக்குத் தேவைப்பட்டது. 1910 தொடக்கத்தில் தந்தை ஐந்தையும் மகன் நான்கையும் சுட்டனர். இதன் எண்ணிக்கையும் வாழிடமும் ஆராய்ந்து அறியப்படும்வரை கொல்வதைத் தடைசெய்வது நல்லது என்று அதே ரூஸ்வெல்ட் எழுதவும் செய்தார். ஒன்பதைச் சுட்டு வீழ்த்திய பிறகு! தந்தையும் மகனும் சேர்ந்து சுட்டு வீழ்த்தியவை 512 என்று அவரது நூலின் பட்டியலே கூறுகிறது. இந்த இனத்தைப் பின்னர் அழித்தவர்கள் கொம்புத் திருடர்களும் உள்நாட்டுப் போர்களும். அந்தப் பழியை இவர் தலையில் கட்டுவது நேர்மையாகாது. சூடான் என்று பெயரிடப்பட்ட அதன் கடைசி ஆண் 2018 மார்ச்சில் கென்யாவில் இறந்தது. அதன் மகளும் பேத்தியுமே எஞ்சின.