முள்ளுக்குள் ஒளியும் மீன்: பங்காய் கார்டினலின் தொட்டி வரலாறு

இந்தோனேசியாவின் நடு சுலாவெசி மாகாணத்துக்குட்பட்ட பங்காய்த் தீவுகளை ஒட்டிய ஆழங்குறைந்த கடலே பங்காய் கார்டினல் மீனின் இயற்கையான தாயகம். எட்டு சென்டிமீட்டர் அளவுக்கே வளரும் இம்மீன், வெள்ளி உடலில் மேலிருந்து கீழாக ஓடும் மூன்று கரும்பட்டைகளும், வெண்புள்ளி இறைத்த நீண்ட துடுப்புகளும் கொண்டது. அச்சம் மிகுந்த இது, ஆபத்து நெருங்கினால் நீந்தித் தப்ப முயலாமல், நீண்ட கரிய முட்களையுடைய கடல் முள்ளெலிகளுக்கு நடுவே புகுந்து அசையாமல் நின்றுவிடும்.

சுவீடன் நாட்டு ஆய்வாளர் வால்டர் கௌடெர்ன் 1920இல் சேகரித்த மாதிரிகளைக் கொண்டு, டச்சு மீனியலாளர் கூமன்ஸ் 1933இல் இம்மீனை விவரித்து, சேகரித்தவரின் பெயரையே இனப்பெயராகச் சூட்டினார். அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அறிவியல் உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. 1990களின் நடுவில் ஜெரால்ட் ஆலனும் ரோஜர் ஸ்டீனும் அதை மீண்டும் கண்டு எழுதியதும், மீன்தொட்டி வளர்ப்போரின் கண் அதன்மீது விழுந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே, 2000களின் தொடக்கத்தில், ஆண்டுக்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் பிடிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது.

தொட்டியில் இதை வளர்க்கும் முறை, பெரும்பாலும் அதன் கூச்சத்துக்கு இடங்கொடுக்கும் முறையாகவே உருவானது. கடலில் பிடித்த மீன் உலர்தீவனத்தை எளிதில் ஏற்காததால், ஆர்ட்டீமியா எனப்படும் சிற்றிறால் போன்ற உயிருணவைக் கொடுத்தே அதைப் பழக்க வேண்டியிருந்தது. கூட்டமாக விடப்பட்ட மீன்களுள் ஓர் இணை சேர்ந்துவிட்டால், அவ்விரண்டும் மற்றவற்றை விரட்டி மூலையில் ஒடுக்கிவிடும் என்பதும் அனுபவத்தில் தெரியவந்தது. முள்ளெலியைப் பேண இயலாதவர்கள், குழாய்த்துண்டில் நெகிழிக் குச்சிகளைச் செருகிப் பொய்ம்முள்ளெலி செய்து வைத்தனர்; மீன்களும் அதை நம்பிக் குடியேறின.

இனப்பெருக்கமோ வளர்ப்போர் எதிர்பாராத அளவுக்கு எளிதாக அமைந்தது. பெண் இடும் முட்டைக்கொத்தை ஆண் மீன் வாயில் ஏற்றுக்கொள்கிறது. அந்நாளிலிருந்து அது இரை தொடுவதில்லை. தாடை புடைத்து, வாயை இறுக்கி வைத்திருக்கும் அம்மீன், அவ்வப்போது வாயைச் சற்றே திறந்து முட்டைகளைப் புரட்டிவிடுவதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம். சுமார் இருபது நாளில் முட்டை பொரிந்தாலும், குஞ்சுகள் மேலும் பத்து நாள் அளவுக்குத் தந்தையின் வாயிலேயே தங்கி, பட்டைகள் தெரியும் சிறுமீன்களாகவே வெளிவந்து, நேராக முட்களைத் தேடிச் செல்கின்றன. பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவை நீரோட்டத்தில் மிதக்கும் நுண்ணிய இளவுயிரிகளாகத் தொடங்குவதால், அவற்றுக்கேற்ற மிகச்சிறு உணவைத் தருவதே குஞ்சு பொரிப்பகங்களுக்குப் பெருந்தடையாக இருக்கிறது. பங்காய் கார்டினலுக்கு அந்த மிதவைப் பருவமே இல்லை. அதன் குஞ்சு முதல் நாளிலேயே ஆர்ட்டீமியாக் குஞ்சை விழுங்கிவிடும்.

தொட்டியில் வரமாக அமைந்த இதே இயல்புதான் கடலில் இம்மீனுக்குக் கேடாயிற்று. மிதந்து பரவும் இளம்பருவம் இல்லாததால், ஒரு பாறைத்திட்டில் மீன்கள் பிடித்துத் தீர்ந்தால் அடுத்த திட்டிலிருந்து அங்கு எளிதில் குடிபெயர்வதில்லை. சில கிலோமீட்டர் இடைவெளியிலேயே மரபணு வேறுபாடு காணப்பட்டது இத்தனிமையைக் காட்டுகிறது. சுலாவெசியின் வடமுனையிலுள்ள லெம்பே நீரிணையில் இன்று காணப்படும் கூட்டம், வணிகப் பாதையில் மனிதர் விட்ட மீன்களிலிருந்து பெருகியதேயன்றித் தானாகப் போய்ச் சேர்ந்ததன்று. தொட்டியில் இத்தனை எளிதாகப் பெருகும் மீனைக் கடலிலிருந்து இத்தனை தாராளமாக அள்ளியதற்கு, வலைபோட்டுப் பிடிப்பது வளர்ப்பதைவிட மலிவாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

2007இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இம்மீனை அழியும் அபாயத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. அதே ஆண்டில், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின்கீழ் இதைக் கொண்டுவர அமெரிக்கா முன்வைத்த தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. 2018இல் இந்தோனேசிய அரசு, பங்காய்ப் பகுதியில் ஆண்டின் சில மாதங்களுக்கு இம்மீனைப் பிடிக்கத் தடை விதித்தது. இதற்கிடையே தாய்லாந்துப் பண்ணைகளில் பொரித்து வளர்த்த மீன்கள் அமெரிக்கச் சந்தைக்கு வரத் தொடங்கியிருந்தன. பங்காய்க் கரையிலோ, உணவுக்காகவும் தீவனத்துக்காகவும் முள்ளெலிகளை அள்ளும் வழக்கத்தால், மீனோடு அதன் ஒளிவிடமும் குறைந்துவந்தது.