பால்மாவும் சூப்பிப் போத்தலும்

மொன்றியல் டவுன்டவுனில், சென்ற் கத்தரீன் தெருவிலுள்ள பெரிய மருந்துக்கடைகளில் பால்மாப் பேணிகளுக்கென்றே நீண்ட அடுக்குகளை ஒதுக்கியிருக்கிறார்கள். பிரெஞ்சு வாசிக்கத் தெரியாத எம்மவர் சிலருக்குத் துணையாக அங்கே போய்வருவது என் வழக்கம். எல்லோரும் என்னிடம் கேட்பவை இரண்டு கேள்விகள்: எந்தப் பேணி நல்லது? எந்தப் போத்தல் நல்லது? எப்படிக் கரைப்பது என்ற மூன்றாவது கேள்வியை அநேகமாக எவரும் கேட்பதில்லை. உண்மையில் குழந்தையின் உயிர் தங்கியிருப்பது அந்த மூன்றாவது கேள்வியில்தான். அதற்கு இந்த நகரத்தின் பழைய கதையே சாட்சி.

1900ஆம் ஆண்டளவில் மொன்றியலில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை. கோடைகால வயிற்றோட்டமே பெரிய கொலையாளி. பண்ணைகளிலிருந்து குளிரூட்டப்படாமல் வந்த பால் வெயிலில் நின்று, தண்ணீர் கலக்கப்பட்டு, ஏழைகளின் வீடுகளை அடைந்தது. தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்திப் பசுப்பாலுக்கு மாறும் வழக்கமும் பரவலாக இருந்தது. பிரான்சில் ஃபெக்காம் என்ற ஊரில் மருத்துவர் லெயோன் டுஃபூர் 1894இல் தொடங்கிய 'பால்துளி' நிலையங்களைப் பார்த்து, 1901இல் மொன்றியலிலும் அத்தகைய நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. 1910க்குப் பிறகு இவை நகரெங்கும் பெருகின. அங்கே சுத்தமான பால் கிடைத்தது. குழந்தையை நிறுத்துப் பார்த்தார்கள். தாய்க்கு அறிவுரையும் சொன்னார்கள். இருந்தும் 1927இல் அசுத்தமான பாலால் பரவிய நெருப்புக்காய்ச்சல் 5,000க்கு மேற்பட்டோரைப் பீடித்து 533 பேரைக் கொன்றது.

போத்தலும் அக்காலத்தில் எமனாக இருந்தது. நீண்ட இறப்பர்க் குழாய் பொருத்திய போத்தலைத் தொட்டிலில் வைத்துவிட்டால் குழந்தை தானே குடித்துக்கொள்ளும். தாய் வேலையைப் பார்க்கலாம். ஆனால் அந்தக் குழாயின் உட்புறத்தை எவராலும் கழுவ முடியாது. பிரான்ஸ் 1910இல் அதைச் சட்டத்தால் தடைசெய்தது. கழுவ முடியாத போத்தல் போத்தலே அல்ல என்பது அன்று கற்ற பாடம். இன்றும் போத்தல் தெரிவுக்கு இதுவே முதல் விதி.

பால்மாவின் கதையும் இதே காலத்தது. ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1865இல் குழந்தை உணவொன்றை உருவாக்கினார். சுவிற்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே 1867இல் தமது மாவை விற்பனைக்கு விட்டார். 1939இல் சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் ஆற்றிய உரை, ஏழைத் தாய்மாரிடம் புட்டிப்பாலை விளம்பரம் செய்து திணிப்பதைக் கடுமையாகச் சாடியது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய விளம்பரங்களுக்கு எதிராக ஒரு நெறிமுறையை ஏற்றது. இந்தியா 1992இல் தனிச்சட்டமே இயற்றியது.

தாய்ப்பாலுக்கு நிகரில்லை என்பதில் ஐயமில்லை. ஆனால் பால் சுரக்காதவர், நோயுற்றவர், மருந்து உட்கொள்பவர், வேலைக்குத் திரும்ப வேண்டியவர் என்று காரணங்கள் பல. பால்மா கொடுக்கும் தாயைக் குற்றவாளி போலப் பார்க்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. குற்றவுணர்வில் வாடும் தாய் எவரிடமும் கேள்வி கேட்பதில்லை. கேளாமையால்தான் பிழைகள் நேர்கின்றன.

இனி, பேணி. கனடாவில் குழந்தைப் பால்மா எதுவும் சுகாதார அமைச்சுக்கு முன்னறிவித்தல் கொடுக்காமல் சந்தைக்கு வரமுடியாது. சத்துகளின் அளவையும் சட்டமே வரையறுக்கிறது. ஆகவே விலை கூடிய பேணி கூடிய சத்துள்ளது என்று எண்ணவேண்டாம். கடையின் சொந்தப் பெயரில் விற்கப்படும் மலிவான பேணியும் அதே விதிகளுக்கு உட்பட்டதே. நிறைமாதத்தில் பிறந்த சுகமான குழந்தைக்கு, பசுப்பாலை அடிப்படையாகக் கொண்ட, இரும்புச்சத்துச் சேர்த்த பால்மா போதும். சோயாவோ வேறு விசேட வகையோ மருத்துவர் சொன்னால் மட்டும். எங்கள் பாட்டிமார் கரைத்துக் கொடுத்த கட்டிப்பால் குழந்தைக்கு உணவாகாது. காலாவதித் திகதியைப் பாருங்கள். நசுங்கிய பேணியை வாங்காதீர்கள்.

கரைக்கும் முறைக்கு வருவோம். பால்மா கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. குரோனோபாக்டர், சல்மொனெல்லா போன்ற கிருமிகள் அரிதாக அதில் இருக்கக்கூடும். 70 பாகை செல்சியசுக்குக் குறையாத நீர் அவற்றைக் கொல்லும். குறைமாதக் குழந்தைக்கும், எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும், நோயெதிர்ப்புக் குறைந்த குழந்தைக்கும் கிருமிநீக்கிய திரவப் பாலே மேல்; அது கிடைக்காவிட்டால் இந்தச் சுடுநீர் முறை அவசியம்.

கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். குளிர்நீர்க் குழாயிலிருந்து மட்டும் நீர் எடுத்து இரண்டு நிமிடம் நன்கு கொதிக்க விடுங்கள். மொன்றியலில் 1970க்கு முன் கட்டிய, எட்டு அல்லது அதற்குக் குறைந்த குடியிருப்புகளுள்ள கட்டடங்கள் சிலவற்றுக்கு ஈயக் குழாய் வழியாக நீர் வருகிறது. கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது. அத்தகைய வீட்டில் அதற்குரிய வடிகட்டியோ போத்தல் நீரோ வேண்டும். கொதித்த நீரை அரைமணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல் போத்தலில் முதலில் ஊற்றி அளவு பாருங்கள். பிறகே மாவைச் சேருங்கள். கரண்டியை அழுத்தி நிரப்பாமல், சுத்தமான கத்தியால் மேல்மட்டத்தைச் சீவிவிடுங்கள். கரைத்ததும் போத்தலைக் குளிர்நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

கரண்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு பேணியில் ஒரு கரண்டிக்கு 30 மி.லி. நீர் என்றிருக்கும், இன்னொன்றில் 60 மி.லி. என்றிருக்கும். ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த பேணியின் கணக்கை இங்குள்ள பேணிக்குப் போட்டால் பால் இரண்டு மடங்கு தடிப்பாகவோ பாதி நீராகவோ ஆகிவிடும். தடித்தால் குழந்தையின் உடல்நீர் வற்றி, சிறுநீரகம் தவிக்கும். நீர்த்தால் குழந்தை மெலியும். இரத்தத்தில் உப்புக் குறைந்து வலிப்பும் வரலாம். மாதக் கடைசியில் பேணியை மிச்சம் பிடிக்க ஒரு கரண்டியைக் குறைப்பது மிக ஆபத்தான சிக்கனம். கட்டுப்படியாகாவிட்டால் சி.எல்.எஸ்.சி. தாதியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குடிக்கத் தொடங்கிய பாலை இரண்டு மணி நேரத்தில் ஊற்றிவிடுங்கள். கரைத்து வைக்கும் பாலை உடனே குளிராக்கி, 4 பாகைக்கு மேற்படாத குளிர்சாதனப் பெட்டியில் 24 மணி நேரம்வரை வைக்கலாம். மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது. வெளியே இளஞ்சூடாகத் தெரியும் பால் நடுவில் கொதித்து வாயைச் சுட்டுவிடும். பனிக்காலத்தில் மெத்ரோவில் போகும்போது பாலைக் கோட்டுக்குள் வைத்துச் சூடு காப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த இளஞ்சூட்டில்தான் கிருமிகள் பெருகும். சுடுநீரை ஃபிளாஸ்கிலும், அளந்த மாவைச் சுத்தமான உலர்ந்த டப்பாவிலும் தனித்தனியே கொண்டுபோய், தேவையானபோது கரைப்பதே சிறந்தது.

போத்தலுக்கு வருவோம். பிஸ்பீனோல்-ஏ என்ற வேதிப்பொருள் உள்ள பொலிகார்பனேற் போத்தல்களைத் தடைசெய்வதாக உலகில் முதலில் அறிவித்த நாடு கனடா. 2008இல் அறிவித்து, 2010இல் சட்டமாக்கியது. அதனால் இங்கே புதிதாக வாங்குபவருக்கு அந்தக் கவலையில்லை. பழைய போத்தலை எவராவது கொடுத்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். கண்ணாடி சூட்டைத் தாங்கும், கீறல் விழாது. ஆனால் கனம், உடையும். அடியில் 5 என்ற எண்ணுள்ள பொலிபுரோப்பிலீன் இலேசானது. கீறல் விழுந்தால் மாற்ற வேண்டும். வாயகன்றதும், உறுப்புகள் குறைந்ததும், அளவுக்கோடுகள் தெளிவானதுமான போத்தலே நல்லது. சூப்பியைக் கவிழ்த்தால் பால் துளித்துளியாக விழவேண்டும், ஒழுகக் கூடாது. வெடித்த, ஒட்டும் சூப்பியை எறிந்துவிடுங்கள். போத்தலைத் தலையணையில் சாய்த்து வைத்துக் குழந்தையைத் தனியே விடாதீர்கள்.

போத்தலே வழி என்றுமில்லை. எங்கள் வீடுகளிலிருந்த பாலாடை, அதே பெயரோடு இந்தியாவின் குறைமாதக் குழந்தைப் பிரிவுகளில் இன்றும் பயன்படுகிறது. சீர்காழிக் குளக்கரையில் பசித்தழுத சம்பந்தருக்கு உமையம்மை பால் ஊட்டியதும் பொற்கிண்ணத்தில்தான் என்கிறது பெரியபுராணம். கிண்ணத்தின் மேன்மை, அதைக் கழுவுவது மிக எளிது என்பதே.

முதல் வாரம் கழிந்தபின் குழந்தை நாளொன்றுக்கு ஆறு தடவையாவது நனைத்தால் பால் போதுகிறது என்று கொள்ளலாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்துத் துவண்டாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மற்றச் சந்தேகங்களுக்கு 811ஐ அழைத்தால், இரவு பகல் எந்நேரமும் ஒரு தாதி பதில் சொல்வார்.