கடவுச்சொல் (கணினியியல்)

கடவுச்சொல் என்பது, ஒரு கணினிக்குள்ளோ இணையக் கணக்குக்குள்ளோ நுழைய வருபவர் தாம் இன்னார் என்று மெய்ப்பிக்கத் தரும் இரகசிய எழுத்துத் தொடர். அடையாளத்தை உறுதிசெய்யும் வழிகளை மூன்றாகப் பகுப்பது மரபு. ஒருவர் அறிந்தது முதல் வகை. கடவுச்சொல்லும் பின் நம்பரும் இதில் அடங்கும். ஒருவர் கையில் இருப்பது இரண்டாவது. கைப்பேசி, சிப் பொருத்திய அட்டை போன்றவை. ஒருவரின் உடற்கூறு மூன்றாவது; கைரேகை, கருவிழி, முகம். இவற்றில் முதல் வகைக்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடவுச்சொல் நிலைத்திருப்பதற்கு அதுவே முதற்காரணம்.

பயனர்கள் எளிய சொற்களைத் தேர்ந்தெடுப்பதே இம்முறையின் குறை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதன் வரலாறோ வேறொன்றைக் காட்டுகிறது. கடவுச்சொல்லைக் காத்துவைக்க வேண்டிய மென்பொருளே மீண்டும் மீண்டும் அதைக் கைநழுவ விட்டிருக்கிறது.

தோற்றம்

கணினியில் கடவுச்சொல் முதன்முதலில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) தோன்றியது. ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் தலைமையில் உருவான சி.டி.எஸ்.எஸ். என்ற நேரப்பகிர்வு அமைப்பு 1961 நவம்பரில் அங்கு இயக்கிக் காட்டப்பட்டது. அதற்கு முன், துளையட்டைக் கட்டை இயக்குநரிடம் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பதே வழக்கம். சி.டி.எஸ்.எஸ். வந்தபின் பலர் தத்தம் முனையத்தில் அமர்ந்து ஒரே கணினியை ஒரே நேரத்தில் பயன்படுத்த முடிந்தது. ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகளும் கணினி நேர ஒதுக்கீடும் இருந்தன. ஒருவரின் பங்கில் மற்றவர் கைவைக்காதிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் தரப்பட்டது.

அதை முதலில் உடைத்தவர் வெளியாள் அல்லர். முனைவர் பட்ட ஆய்வாளரான ஆலன் ஷெர் என்பவருக்கு வாரத்துக்கு நான்கு மணிநேரமே கணினி கிடைத்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. 1962-இல், கோப்புகளை அச்சிட்டுத் தரும் வசதி இருப்பதைக் கண்ட அவர், கடவுச்சொல் கோப்பின் பெயரைத் துளையட்டையில் குறித்து ஒரு வெள்ளிக்கிழமை இரவில் வைத்துவிட்டார். மறுநாள் காலை எல்லாருடைய கடவுச்சொற்களும் அச்சாகிக் காத்திருந்தன. கால் நூற்றாண்டு கழிந்தபிறகே அவர் இதை வெளியிட்டார்.

1966-இல் அதே அமைப்பில் நேர்ந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இருவேறு கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தனர். ஒன்று கடவுச்சொல் கோப்பு. மற்றது, உள்நுழையும் எல்லாருக்கும் முனையத்தில் தோன்றும் அன்றைய அறிவிப்பு. திருத்தும் நிரல் இரண்டுக்கும் ஒரே தற்காலிகக் கோப்புப் பெயரைப் பயன்படுத்தியதால் அவை இடம் மாறின. அதன்பின் நுழைந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்பு அறிவிப்பாக அனைவரின் கடவுச்சொற்களும் அச்சாயின. 1990-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரையில், கோர்பட்டோ இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டாகக் கூறினார்.

ஒருவழிச் சார்பு

கடவுச்சொல்லை அப்படியே எழுதிவைக்காமல், திரும்பப் பெற முடியாத வடிவில் மாற்றிச் சேமிக்கும் எண்ணம் பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் பிறந்தது. அதை முன்வைத்தவர் ரோஜர் நீதம். மாரிஸ் வில்க்ஸ் 1968-இல் தம் நூலில் அதை விளக்கினார். பயனர் தரும் சொல்லை ஒவ்வொரு முறையும் அதே சார்பின் வழியே செலுத்தி, கிடைக்கும் விடையைச் சேமித்த விடையுடன் ஒப்பிட்டால் போதும். மூலச்சொல் எங்கும் இருக்க வேண்டியதில்லை.

இதை முழுமையாக்கியவர்கள் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் ஆகிய இருவர். யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக அவர்கள் முதலில் அமைத்த நிரல், அமெரிக்கப் படையின் எம்-209 குறியாக்கப் பொறியைப் போலச் செயல்பட்டது. பி.டி.பி.-11/70 கணினியில் அது ஒரு சொல்லை 1.25 மில்லிநொடியில் மாற்றிவிட்டது. அந்த வேகமே ஆபத்து: திருடனும் அதே வேகத்தில் ஊகிப்பான். ஆகவே டி.இ.எஸ். குறியாக்கத்தை 25 முறை அடுக்கி, வேண்டுமென்றே மெதுவாக்கினர். சால்ட் எனப்படும் 12 பிட் எண் ஒன்றையும் ஒவ்வொரு கடவுச்சொல்லுடனும் சேர்த்தனர். இதனால் ஒரே சொல் 4,096 வடிவங்களில் ஏதேனும் ஒன்றாக மாறும். முன்கூட்டியே பட்டியல் தயாரித்து வைத்துக்கொண்டு உடைப்பது கடினமாயிற்று.

1979-இல் வெளியான அவர்களது கட்டுரை இத்துறையின் அடிப்படை நூல் எனலாம். அதற்காகத் திரட்டப்பட்ட 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு மிகக் குறுகியவை அல்லது அகராதியில் உள்ளவை. 15 சொற்கள் ஒற்றை எழுத்து. தாம்சனின் சொந்தக் கடவுச்சொல் அப்படிப்பட்டதல்ல. பழைய யூனிக்ஸ் கோப்பில் கிடந்த அதன் மாற்றுவடிவத்தை 2019-இல் வரைகலை அட்டை கொண்டு உடைக்க நான்கு நாள்களுக்கு மேல் ஆயிற்று. அது சதுரங்கத்தில் ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னகர்த்தும் தொடக்க ஆட்டத்தின் குறியீடு.

1988 நவம்பர் 2-இல் இணையத்தில் பரவிய மாரிஸ் புழு, 432 சொற்கள் கொண்ட பட்டியலைத் தன்னுள் வைத்துக்கொண்டு கடவுச்சொற்களை ஊகித்தது. அதை எழுதிய ராபர்ட் டப்பன் மாரிஸ், மேற்சொன்ன ராபர்ட் மாரிஸின் மகன்.

விதிகள்

அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட வழிகாட்டி, பெரிய எழுத்து, எண், சிறப்புக்குறி ஆகியன கலந்த கடவுச்சொல்லையும் அதை அவ்வப்போது மாற்றுவதையும் உலக வழக்கமாக்கியது. இது தவறான அறிவுரை. மாற்றச் சொன்னால், மக்கள் பழைய சொல்லின் கடைசி எண்ணில் மட்டும் ஒன்று கூட்டுவார்கள். அவ்வழிகாட்டியை எழுதிய பில் பர் தாமே பிற்காலத்தில் வருந்தினார். 2017-இல் நிஸ்ட் இரு விதிகளையும் கைவிட்டு, நீளமான சொல்லை அனுமதிக்கவும் கசிந்த சொற்களின் பட்டியலோடு ஒப்பிடவும் கூறியது. ஆயினும் பல அலுவலகங்களில் பழைய விதியே இன்றும் தொடர்கிறது. மாதந்தோறும் புதுச்சொல் கேட்கப்படும் ஊழியரின் அலுப்பு நியாயமானது.

விதிகள் பயனரைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நிறுவனங்கள் அடிப்படைப் பாடத்தையே மறந்திருந்தன. 2009-இல் ராக்யூ நிறுவனத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் எந்த மாற்றமுமின்றி அப்படியே வெளியேறின. 2012-இல் கசிந்த லிங்க்ட்இன் கடவுச்சொற்களில் சால்ட் சேர்க்கப்படவில்லை. மாரிஸும் தாம்சனும் எழுதி அப்போது முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்தியாவில்

இணையவழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்கு இரண்டாவது உறுதிப்பாட்டை இந்திய ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது. ஓடிபி (ஒருமுறைக் கடவுச்சொல்) அன்றாடச் சொல்லானது இதன்பிறகே. 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்பிலி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. அது 12 இலக்க எண்ணைக் கைரேகை, கருவிழிப் பதிவுகளோடு இணைத்தது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம். கைரேகையை மாற்ற இயலாது என்பது இவ்வகையின் நீங்காக் குறை.

இன்றைய நிலை

கடவுச்சொல்லுக்கு மாற்றான பாஸ்கீ முறையில் இரகசியத் திறவி பயனரின் கருவியில், அல்லது அவர் கணக்கோடு ஒத்திசைக்கும் பெட்டகத்தில் இருக்கும். இணையதளத்திடம் பொதுத் திறவி மட்டுமே தங்கும். அதற்கு அடிப்படையான வெப்ஆத்தென் 2019-இல் தரமாக ஏற்கப்பட்டது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகியன 2022-இல் விரிந்த ஆதரவை அறிவித்தன. கடவுச்சொல்லைக் கையாளும் நிரல்களை எழுதுவதில் இப்போது செயற்கை நுண்ணறிவும் பங்கேற்கிறது. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் கிட்ஹப் கோபைலட் என்ற நிரல் எழுதும் கருவியைப் பிழை நேர வாய்ப்புள்ள 89 சூழல்களில் சோதித்தபோது, அது தந்த 1,689 நிரல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு பாதுகாப்புக் குறையுடையனவாக இருந்தன. கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதிவிடும் பழைய பிழையும் அச்சோதனையில் தேடப்பட்டவற்றுள் ஒன்று.